குறட்டை கேட்காத வீடு!

உங்களிடம் ஒரு கேள்வி. உங்க வீட்டுக்காரர் ராத்திரியில் குறட்டை விடுகிறாரா?

"சேச்சே... படுத்தால் கட்டை மாதிரி தூங்குவார். ஒரு சத்தமும் இருக்காது" என்கிறீர்களா?

அவசரப்படாதீர்கள். இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்லுங்கள். அப்படியே அவர் குறட்டை விட்டாலும், அது உங்கள் காதில் விழுமா?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நீங்களோ அவரோ விசைத்தறியிலோ, நூல் மில்லிலோ, இரும்புப் பட்டறையிலோ வருஷக்கணக்கில் வேலை பார்ப்பவர்களாக இருந்தால், இது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

குமாரபாளையம், பள்ளிபாளையம், பல்லடம், சோமனூர்... இந்தப் பக்கம் போயிருக்கிறீர்களா? தெருவுக்குள் காலை வைக்கும்போதே 'டடக்... டடக்...' என்று தறிச் சத்தம் வரவேற்கும். சில வீடுகளில் முன்பக்கம் தறி, பின்பக்கம் குடித்தனம். நடுவில் ஒரே ஒரு சுவர்.

அப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். அவருக்கு நாற்பத்தைந்து வயது. இருபது வருஷமாகத் தறி. மனைவிக்கும் அதே கூடத்தில் தார் சுற்றும் வேலை. ஒரு வாரம் அவருக்குப் பகல் ஷிப்ட், அடுத்த வாரம் ராத்திரி ஷிப்ட். கொஞ்ச நாளாக அவருக்கு ஒரே சோர்வு. உட்கார்ந்தால் கண் சொக்குகிறது. காலையில் தலைவலி. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். "வயசாகுதுல்ல" என்கிறார். மனைவிக்கோ உள்ளூரச் சந்தேகம்... 'திருட்டுத்தனமா குடிக்கிறாரோ?'

முழுப்பரீட்சை லீவுக்கு அண்ணன் மகள் வந்து தங்குகிறாள். பத்து வயசுப் பெண். மறுநாள் காலையில் அவள்தான் சொல்கிறாள்... "அத்தை, ராத்திரி மாமாவைப் பார்த்து எனக்குப் பயமாப் போச்சுங்க. குறட்டை விட்டுட்டே இருந்தாரு. திடீர்னு நின்னுபோச்சு. மூச்சே வரலைங்க. அப்புறம் தண்ணிக்குள்ள இருந்து வந்த மாதிரி 'ஹக்'குனு இழுத்தாரு!"

பக்கத்திலேயே படுத்திருந்த அத்தைக்கு இது தெரியவே தெரியாது!

கற்பனை வீடுதான். ஆனால் இதில் நடக்காதது எதுவும் இல்லை. அந்தச் சின்னப் பெண் பார்த்ததற்குப் பெயர் 'ஸ்லீப் ஆப்னியா'. தமிழில் தூக்க மூச்சுத் தடை என்று வைத்துக்கொள்ளலாம்.

தொண்டை மூடிக்கொள்ளும் வியாதி

தூங்கும்போது உடம்பில் எல்லாத் தசைகளும் தளரும். நாக்கின் அடிப்பகுதி, உள்நாக்கைச் சுற்றியுள்ள சதை எல்லாம் தொய்ந்துபோகும். பலருக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு, காற்றுப் போன சைக்கிள் டியூப் மாதிரி தொண்டை ஒட்டிக்கொள்கிறது. பாதி ஒட்டினால் குறட்டை. முழுசாக ஒட்டினால்..? நெஞ்சும் வயிறும் மூச்சுக்காகப் போராடும். ஆனால் காற்று உள்ளே போகாது.

இப்படி 10 விநாடி அல்லது அதற்கு மேல் நின்றால்தான் கணக்கு. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது. மூளை பதறிப்போய் அவரை அரைகுறையாக எழுப்புகிறது. தொண்டை திறக்கிறது. 'ஹக்' என்று ஒரு மூச்சு. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு...

ஒரு மணி நேரத்தில் மூச்சு நிற்பதும் வெகுவாகக் குறைவதும் சேர்ந்து 5 தடவைக்குக் கீழே என்றால் கவலை இல்லை. 5 முதல் 15 வரை லேசான வகை. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-ஐத் தாண்டினால் கடுமையானது. கடுமையான நோயாளி எட்டு மணி நேரத் தூக்கத்தில் 240 தடவைக்கு மேல் இப்படித் திணறுகிறார் என்று அர்த்தம். காலையில் அவருக்கு ஒன்றுகூட ஞாபகம் இருக்காது!

'எட்டு மணி நேரம் தூங்கினேன், ஆனாலும் அசதி போகலை' என்று சொல்கிறவரைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். அவர் தூங்கவே இல்லை.

இதை வளரவிட்டால் ரத்த அழுத்தம் ஏறும். மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பும் கூடும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 30 முதல் 60 வயது வரை உள்ள வேலைக்குப் போகிறவர்களைச் சோதித்து 1993-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆண்களில் 100-க்கு 24 பேருக்கும் பெண்களில் 100-க்கு 9 பேருக்கும் மணிக்கு 5 தடவையோ அதற்கு மேலோ மூச்சுத் தடை இருந்தது. அதில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இப்படி ஒரு கோளாறு இருப்பதே தெரியாது.

தறிச் சத்தம் காதை என்ன செய்கிறது?

காதின் உள்ளே நத்தைக்கூடு மாதிரி ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. அதில் ஏறக்குறைய 15,000 ரோம செல்கள். சத்தம் அலையாக வந்து இவற்றை அசைத்தால்தான் நமக்குக் கேட்கும்.

நெல் வயலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆள் வயலுக்குள் நடந்தால் பயிர் சாயும், பிறகு நிமிர்ந்துவிடும். தினம் நூறு பேர் நடந்தால்? மிதிபட்ட இடம் தரிசாகிவிடும். ரோம செல்லும் அப்படித்தான். ஒருநாள் பெருஞ்சத்தம் கேட்டால் காது மந்தமாகி, ஓய்வு கொடுத்ததும் சரியாகும். தினமும் அடித்தால் செத்துப்போகும். செத்த செல் மறுபடி முளைக்காது. இதற்கு மாத்திரையும் இல்லை, ஆபரேஷனும் இல்லை.

சத்தத்தை 'டெசிபல்' கணக்கில் அளக்கிறார்கள். நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் காதுக்குத் தாங்கும் என்கிறது அமெரிக்கத் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிறுவனமான நையோஷ். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று வரம்பு வைத்தார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 3 டெசிபல் ஏறினாலே சத்தத்தின் சக்தி இரண்டு மடங்காகிவிடும். ஆகவே நையோஷ் கணக்குப்படி 88 டெசிபல் என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம், 94 என்றால் 1 மணி நேரம். 100 டெசிபலில்..? வெறும் 15 நிமிஷம்! நாடா ஓடும் விசைத்தறிக் கூடத்தில் சத்தம் 95, 100 என்று இருப்பது சகஜம். அங்கே பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவரை நினைத்துப் பாருங்கள்.

முதலில் போவது கீச்சுக் குரல்களும் மெல்லிய எழுத்துகளும்தான். 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் உள்ள சுருதி அது. 'ச', 'ஸ', 'த' போன்ற ஓசைகள் நழுவிவிடும். அதனால்தான் 'சத்தம் கேட்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியலை' என்பார்கள். பெரியவர் பேச்சு கேட்கும், பேத்தி பேச்சு கேட்காது. கல்யாண வீட்டுக் கூட்டத்தில் சும்மா தலையாட்டுவார்கள். பலருக்குக் காதுக்குள் 'ங்ங்ங்' என்று ஓயாத இரைச்சலும் சேர்ந்துகொள்ளும்.

குறட்டையை ஏன் யாரும் கேட்பதில்லை?

இப்போது நம் கேள்விக்கு வருவோம்.

குறட்டை கனத்த சத்தம்தான். காது லேசாக மந்தமானவருக்கும் அது கேட்கும். ஆனால் ஆபத்து குறட்டையில் மட்டும் இல்லை. குறட்டை நின்றுபோகும் அந்த மௌனத்தில்தான் இருக்கிறது! பக்கத்தில் படுத்தவர் மெல்லிய மூச்சு வருகிறதா இல்லையா என்று கவனித்தால்தான் அது தெரியும். காதில் இரைச்சலோடு படுத்திருப்பவருக்கு எப்படித் தெரியும்?

தறி வீடுகளில் வேறு காரணங்களும் உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் ராத்திரியிலும் தறி ஓடும். கணவன் தூங்கும் நேரத்தில் மனைவி வேலையில் இருப்பார். மனைவி தூங்கும் நேரத்தில் கணவன் வேலையில் இருப்பார். ஒரே நேரத்தில் படுத்தாலும், நாள் முழுக்க நின்ற அசதியில் இடி விழுந்தாலும் தெரியாது. போதாக்குறைக்குக் குறட்டை என்றால் 'நல்ல ஆழ்ந்த தூக்கம்' என்ற நம்பிக்கை வேறு.

டாக்டர் முதலில் கேட்கும் கேள்வி என்ன தெரியுமா? "தூக்கத்துல மூச்சு நிக்குதுன்னு வீட்டுல யாராவது சொன்னாங்களா?" என்பதுதான். 'இல்லீங்க' என்ற பதில் வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமல்ல. கேட்க ஆள் இல்லை என்றும் இருக்கலாம்!

பகலில் அடி, ராத்திரியில் பட்டினி

இந்த இரண்டு நோய்களும் வேறு ஒரு இடத்திலும் கை கோக்கின்றன என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

உள்காதுக்கு ரத்தம் கொண்டுபோவது ஒரே ஒரு மெல்லிய ரத்தக் குழாய். அது தடைபட்டால் மாற்று வழி கிடையாது. ஆனால் உள்காதோ ஆக்ஸிஜனை நிறையச் செலவழிக்கும் உறுப்பு. பகலெல்லாம் சத்தத்தில் அடிபட்ட செல்கள் ஓய்வில்தான் தேறவேண்டும். அந்த நேரம் பார்த்து மணிக்கு இருபது தடவை, முப்பது தடவை ஆக்ஸிஜன் இறங்கினால்? அடிபட்டவனைப் பட்டினி போட்ட மாதிரிதானே!

அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் சுமார் 14,000 பேருக்குக் காது டெஸ்டும் தூக்க டெஸ்டும் எடுத்து 2014-ல் முடிவைச் சொன்னார்கள். நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத் தடை உள்ளவர்களிடம் செவிக்குறை கூடுதலாகவே காணப்பட்டது. 2011-ல் வெளியான ஒரு இஸ்ரேல் ஆய்வு, சத்தமான இடத்தில் வேலை பார்க்கும் 298 ஆண்களை விசாரித்தது. கேட்கும் சக்தி குறைந்தவர்களின் தூக்கம் மற்றவர்களைவிட மோசமாக இருந்தது. தூக்கத்தைக் கெடுத்த முக்கியக் குற்றவாளி, காது இரைச்சல்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'குறட்டையால்தான் காது போச்சு' என்று இதை வைத்து யாரும் சத்தியம் பண்ண முடியாது. வயசு, உடல் பருமன், சர்க்கரை, பிரஷர் எல்லாமே இரண்டு பக்கமும் விளையாடும். தறிச் சத்தம் ஸ்லீப் ஆப்னியாவை உண்டாக்கும் என்றும் நிரூபணம் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் ஒன்றை ஒன்று மறைக்கும் என்பது நிச்சயம். காது மந்தத்தை 'கவனமில்லை' என்பார்கள். தூக்கக் கலக்கத்தை 'குடிச்சிட்டு வந்திருக்கான்' என்பார்கள்.

ஓடும் பெல்ட்டுக்கும் சுழலும் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் நிற்கிறவருக்குக் கண்ணும் சொக்கி, "டேய், தள்ளு!" என்ற கூச்சலும் கேட்காமல் போனால்... மேற்கொண்டு சொல்லவேண்டியதில்லை.

காதால் முடியாவிட்டால் கண்ணால்!

இன்றைக்கு ராத்திரியே ஒரு காரியம் செய்யுங்கள். அவர் நன்றாகத் தூங்கிய பிறகு, விடிவிளக்கு வெளிச்சத்தில் கால் மணி நேரம் அவர் நெஞ்சையும் வயிற்றையும் பாருங்கள். விடியற்காலை நேரம் இன்னும் நல்லது. நெஞ்சும் வயிறும் தாறுமாறாக மேலும் கீழும் போக, மூக்கின் கீழ் வைத்த உங்கள் புறங்கையில் காற்றே படவில்லையா? மனசுக்குள் எண்ணுங்கள். பத்து எண்ணியும் காற்று வரவில்லை என்றால் ஆப்னியாவாக இருக்கலாம். செல்போன் இருந்தால் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். காது நன்றாகக் கேட்கும் பிள்ளைகளையும் கேளுங்கள். ஒருநாள் பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். இன்னும் இரண்டு மூன்று நாள் பாருங்கள்.

இதோ எட்டுக் கேள்விகள். கனடாவின் டொரான்டோ நகர மயக்க மருந்து நிபுணர்கள் 2008-ல் வெளியிட்ட பட்டியல் இது. உலகம் பூராவும் டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். 'ஆமாம்' ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க் போடுங்கள்.

1. கதவைத் தாண்டிக் கேட்கும் அளவுக்குப் பலத்த குறட்டையா?
2. பகலில் அடிக்கடி சோர்வு, தூக்கக் கலக்கம் உண்டா?
3. தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்ததுண்டா?
4. ரத்த அழுத்தம் உண்டா? அதற்கு மருந்து சாப்பிடுகிறாரா?
5. எடையை (கிலோ) உயரத்தால் (மீட்டர்) இரண்டு தடவை வகுத்தால் 35-க்கு மேல் வருகிறதா?
6. வயது 50-க்கு மேலா?
7. கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா?
8. ஆணா?

மூன்று மார்க் வந்துவிட்டால் டாக்டரைப் பாருங்கள். ஆனால் தறி வீட்டுக்காரர்கள் முதல் கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் கண்ணால் பார்த்த பிறகே பதில் எழுத வேண்டும். ஒல்லியானவருக்கு இது வராது என்றும் நினைக்காதீர்கள். தாடை சின்னதாக, உள்வாங்கி இருந்தாலும் வரும். பெண்களுக்கும், முக்கியமாக மாதவிலக்கு நின்ற பிறகு, வரும்.

என்ன டெஸ்ட்? என்ன வைத்தியம்?

காதுக்கு 'ஆடியோகிராம்'. கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, 'கொய்ங்' என்று சத்தம் கேட்டதும் கையைத் தூக்கச் சொல்வார்கள். வலி இல்லை, ஊசி இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் எடுக்கலாம். ஆனால் ஷிப்ட் முடிந்த கையோடு போகாதீர்கள். குறைந்தது 14 மணி நேரம் சத்தம் கேட்காமல் இருந்துவிட்டுப் போனால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

தூக்கத்துக்கு 'ஸ்லீப் ஸ்டடி'. ஒரு ராத்திரி முழுக்க மூச்சு, ஆக்ஸிஜன், இதயத் துடிப்பு, மூளை அலைகள் எல்லாவற்றையும் பதிவு செய்வார்கள். சிலருக்கு வீட்டிலேயே சின்னக் கருவி கட்டியும் பார்ப்பதுண்டு. ராத்திரி ஷிப்ட் வேலை என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கடுமையான ஆப்னியாவுக்கு 'சி-பாப்' என்ற கருவி கைகண்ட வைத்தியம். மூக்கில் மாஸ்க் மாட்டி, மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தும். தொண்டை ஒட்டாமல் அந்தக் காற்றே தாங்கிப் பிடிக்கும். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்து ஆரம்பித்த விஷயம் இது. 1981-ல் உலகுக்கு அறிவித்தார். விலை கூடத்தான். நகரங்களில் வாடகைக்கும் கிடைக்கிறது.

வீட்டிலேயே செய்யக்கூடியவை...

எடையைக் குறைப்பது. விஸ்கான்சின் ஆராய்ச்சியில், உடம்பு எடை 10 சதவிகிதம் குறைந்தால் மூச்சுத் தடை சுமார் 26 சதவிகிதம் குறையும் என்று கணக்கிட்டார்கள்.

ஒருக்களித்துப் படுப்பது. பழைய பனியனின் முதுகுப் பக்கம் ஒரு பை தைத்து அதில் டென்னிஸ் பந்தைப் போட்டுவிடுங்கள். மல்லாந்தால் உறுத்தும், தானாகத் திரும்பிவிடுவார்!

படுக்குமுன் குடி கூடாது. 'உடம்பு வலிக்கு ஒரு கட்டிங் போட்டாத்தான் தூக்கம் வருது' என்பவர்கள் கவனிக்க வேண்டும். மது தொண்டைத் தசையை இன்னும் தொய்யவைக்கும். மூச்சு இன்னும் அதிக நேரம் நிற்கும். டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது.

பஞ்சை வைத்து ஏமாறாதீர்கள்

மில்லிலும் தறியிலும் பலர் காதில் பஞ்சு திணித்துக்கொள்கிறார்கள். அதனால் பிரயோஜனம் ரொம்ப ரொம்பக் குறைவு. நுரை 'இயர் பிளக்' வாங்குங்கள். சுத்தமான விரலால் மெல்லிசாக உருட்டி, எதிர்க் கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது உப்பும்வரை அரை நிமிஷம் விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். காதைப் பொத்தும் 'இயர் மஃப்'பும் நல்லதே. ஷிப்ட் பூராவும் போட்டிருக்க வேண்டும். நடுவில் ஒரு மணி நேரம் கழற்றினாலும் பலன் பெருமளவு போய்விடும்.

"ரெண்டு காதும் போயாச்சு, இனிமே எதுக்கு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. மிச்சம் இருக்கிறதே, அதைக் காப்பாற்றத்தான்! சி-பாப் போட்டாலும் போன காது திரும்பாது. ஆனால் தூக்கம் திரும்பும், பிரஷரும் ஓரளவு குறையலாம். காது கேட்கும் கருவி வைத்தால் பேத்தியின் பேச்சு புரியும். காது இரைச்சலின் தொந்தரவும் பலருக்குக் குறைகிறது.

திடீரென்று ஒரே நாளில் காது அடைத்துக் கேட்காமல் போனால் மட்டும் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருக்காதீர்கள். அது வேறு சமாச்சாரம். அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். சில நாளுக்குள் மருந்து ஆரம்பித்தால்தான் பலன்.

இன்னொரு விஷயம். சத்தத்தால் வரும் செவிக்குறை, சட்டப்படி அறிவிக்கவேண்டிய தொழில் நோய்களில் ஒன்று. நஷ்ட ஈட்டுக்கும் வழி இருக்கிறது. ஆடியோகிராம் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேரும்போது ஒன்று, பிறகு வருஷத்துக்கு ஒன்று. இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் அங்கேயே கேளுங்கள். முதலாளியிடம் இயர் பிளக் கேட்பது பிச்சை அல்ல, உரிமை.

தறி ஓடட்டும்... அடுப்பு எரிய வேண்டுமே! ஆனால் அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒருவர் மூச்சு நிற்பது யாருக்கும் தெரியாமல் போய்விடக்கூடாது. இன்றைக்குப் படுக்குமுன் ஒரு கால் மணி நேரம்... உங்கள் கண்ணை அவருக்குக் காதாகக் கொடுங்கள். நாளைக்கு அவரை உங்களுக்காக அதே கால் மணி நேரம் விழித்திருக்கச் சொல்லுங்கள்!